கொள்முதலுக்கு ரயில் ஏறும் முன்

நம் கடைகளுக்கு வேண்டிய சரக்கில் பெரும்பகுதி இன்று தொலைபேசியிலேயே பேசி முடிந்துவிடுகிறது. தரகர் விலை சொல்கிறார். கைபேசியில் சரக்கின் படம் வருகிறது. வங்கி மூலம் பணம் போகிறது. சில நாட்களில் லாரி வந்து வாசலில் நிற்கிறது. இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது சரக்கு விளைகிற இடத்துக்கே போய், மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்த்து வாங்கும் வழக்கத்தை விடாத வணிகர்கள் நம்மில் பலர் உண்டு. சீரகம், சோம்புக்குக் குஜராத்தின் உஞ்சா. துவரைக்கு மகாராஷ்டிரத்தின் அகோலா, லாத்தூர், கர்நாடகத்தின் கலபுரகி. மிளகாய்க்கு ஆந்திரத்தின் குண்டூர் என்று அவரவர் வழி அவரவருக்கு.

இப்படிப் போகிறவர்களில் சிலர் நல்ல சரக்கோடும் நல்ல தொடர்போடும் திரும்புகிறார்கள். சிலர் அலைச்சலும் செலவும்தான் மிச்சம் என்று திரும்புகிறார்கள். இரு சாராரும் ஏறுவது அதே ரயில், போவது அதே மண்டி. வேறுபாடு பெரும்பாலும் புறப்படுவதற்கு முந்திய வாரத்தில், நம் கடைக் கல்லாவில் உட்கார்ந்து செய்த, அல்லது செய்யாமல் விட்ட வேலைகளில் இருக்கிறது. சென்னையிலிருந்து உஞ்சாவுக்குச் சீரகம் வாங்கப் போகும் பயணத்தை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம். ஊரும் சரக்கும் வேறானாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

போகத்தான் வேண்டுமா?

முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2023இல் சீரகம் குவிண்டால் 60,000 ரூபாயைத் தாண்டியதும், 2024 தொடக்கத்தில் அதில் பாதிக்கும் கீழே இறங்கியதும் நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. உச்ச விலையில் இருப்பு வைத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நேரில் போயிருந்தால் இறக்கத்தை முன்கூட்டியே கண்டிருக்கலாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் மண்டிக்கு வருகிற வண்டிகளின் எண்ணிக்கை, கிடங்குகளில் கிடக்கும் பழைய இருப்பு, விவசாயி விற்க அவசரப்படுகிறாரா, பிடித்து வைக்கிறாரா என்பவற்றை நேரில் பார்த்தவருக்கும் தொலைபேசியில் கேட்டவருக்கும் நிச்சயம் வித்தியாசம் உண்டு.

செலவைக் கிலோ கணக்கில் போட்டுப் பாருங்கள். ரயில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ச் செலவு எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் வாங்கினால் கிலோவுக்கு 12 ரூபாய் பயணச் செலவே ஏறிவிடும். ஐந்து டன் வாங்கினால் அது 2 ரூபாய் 40 காசுதான். ஆகவே சிறிய கடைக்காரர் தனியே போவது கட்டுப்படியாகாது. ஒரே கடைத்தெருவில் உள்ள நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவரை அனுப்புவதே சரி. அப்படி அனுப்பும்போது யாருக்கு எத்தனை மூட்டை, எந்த ரகம், அதிகபட்சம் என்ன விலை வரை வாங்கலாம், சரக்கில் குறை வந்தால் யார் எவ்வளவு ஏற்பது என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டுவிட வேண்டும். வாய்ப் பேச்சாக விட்டால், விலை இறங்கிய மறுநாள் நட்பும் இறங்கிவிடும்.

எந்த நாள் புறப்படுவது?

சீரகம் குளிர்காலப் பயிர். புதுச் சரக்கு பிப்ரவரி கடைசியில் தலைகாட்டி, மார்ச், ஏப்ரலில் நன்றாக வரும். அந்தப் பருவத்தில் போவதே முறை. ஆனால் அதற்குள்ளும் ஒரு பள்ளம் இருக்கிறது. குஜராத் மண்டிகள் பலவற்றில் மார்ச் கடைசி வாரம் ஆண்டுக் கணக்கு முடிப்புக்காகச் சில நாட்கள் ஏலம் நடைபெறுவதில்லை. இது தெரியாமல் 27ஆம் தேதி போய் இறங்கினால் பூட்டிய கடைகளைப் பார்த்துவிட்டு வரலாம். ஹோலிக்கும் விடுமுறை உண்டு. தீபாவளியை ஒட்டி மூடினால் லாப பஞ்சமி அன்று நல்ல நேரம் பார்த்துத்தான் பல கடைகளைத் திறப்பார்கள்; அதாவது தீபாவளி முடிந்து கிட்டத்தட்ட ஒரு வாரம். நமக்கு ஆடிப் பெருக்கு, ஆயுத பூஜை போல அவர்களுக்கும் வழக்கங்கள் இருக்கின்றன. தரகரிடம் “வரலாமா?” என்று கேட்டால் “வாருங்கள்” என்றுதான் சொல்வார். “எந்தெந்தத் தேதியில் ஏலம் இல்லை?” என்று கேட்க வேண்டும்.

நம் பக்கத்துத் தேதிகளையும் பார்க்க வேண்டும். மாதத்தின் முதல் பத்து நாட்களில் மளிகை வியாபாரம் மும்முரமாக இருக்கும். முதலாளி கடையில் இல்லாமல் இருக்கக் கூடாது. மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறவர்களுக்கு 11ஆம் தேதி விற்பனை விவரமும் 20ஆம் தேதி வரியோடு கூடிய கணக்கும் காத்திருக்கும். கணக்கரிடம் வேண்டிய பில்களை ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. இல்லாவிட்டால் நாக்பூருக்கு அருகே சிக்னல் கிடைக்காத இடத்தில் கணக்கரின் அழைப்பு வந்து வந்து துண்டிக்கும்.

சீட்டு

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. நம் போன்ற வியாபாரிகளுக்கு இது ஒரு விதத்தில் அனுகூலமே. நான்கு மாதம் முன்னால் யாருக்கும் சந்தை நிலவரம் தெரியாது. இரண்டு மாதம் என்றால் ஓரளவு கணிக்கலாம். தட்கல் சீட்டு, ரயில் தன் தொடக்க நிலையத்திலிருந்து புறப்படும் நாளுக்கு முந்திய நாள், ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதை முன்னதாகவே முடித்து வையுங்கள். பத்து மணிக்கு உட்கார்ந்து செய்கிற காரியமல்ல அது. 60 வயதைக் கடந்த வணிகர்கள், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட முதியோர் கட்டணச் சலுகையை மனத்தில் வைத்துச் செலவுக் கணக்குப் போட வேண்டாம். கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு வேறு. அதைக் கேட்டுப் பெறலாம்.

காத்திருப்புப் பட்டியல் சீட்டை நம்பிக் கிளம்பக் கூடாது. இணையத்தில் எடுத்த சீட்டு பட்டியல் தயாரான பிறகும் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். கவுன்டரில் எடுத்ததானாலும் அதை வைத்து முன்பதிவுப் பெட்டியில் ஏற விதி இடம் தரவில்லை. உஞ்சாவில் தரகர் நமக்காக இரண்டு கிடங்குகளில் சொல்லி வைத்திருப்பார். நாம் சென்ட்ரல் நிலையத்தில் நின்று பெட்டி பெட்டியாகக் கெஞ்சிக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது.

சென்னை சென்ட்ரலிலிருந்து அகமதாபாத்துக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸ் நம்மவர்களுக்குப் பழக்கமான வண்டி. கூடூர், விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, வார்தா, அகோலா, பூசாவல், சூரத், வடோதரா வழியாகச் சுமார் 1,900 கி.மீ. ஓடி, காலையில் புறப்பட்டால் மறுநாள் மாலையில் சேரும். துவரை விளையும் அகோலா இதே பாதையில் இருப்பது ஒரு வசதி. திரும்பும்போது அகோலாவில் இறங்கி ஒரு நாள் பருப்பு மில்களைப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கு உஞ்சா முடிந்த பிறகு சீட்டுத் தேடாமல், இரு துண்டாக முன்பே எடுத்து வைப்பது நல்லது. தென் மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் எழும்பூரிலோ தாம்பரத்திலோ இறங்கி சென்ட்ரலுக்கு மாற வேண்டும். வரும் வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானாலும் பிடிக்கிற மாதிரி இடைவெளி விட்டு எடுக்க வேண்டும்.

திரும்பும் சீட்டு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பலர் போகும் நாளுக்குச் சீட்டு எடுக்கும்போதே, இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும் என்று எண்ணித் திரும்பவும் எடுத்துவிடுகிறார்கள். தரகர் தேநீர் கொடுத்துக்கொண்டே, “ரிட்டர்ன் எப்போது சேட்?” என்று கேட்பார். மரியாதைக்குக் கேட்கிற கேள்விபோல இருக்கும். நாளை இரவு என்று சொன்னால், நாளை மதியம் வரை விலை அசையாது. நாம் வெறுங்கையோடு போக மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். எனவே திரும்பும் சீட்டை இரண்டு நாள் தள்ளியே எடுங்கள். வேலை முன்னால் முடிந்தால் அதை ரத்து செய்துவிட்டு வேறு எடுக்கலாம். ரத்துக் கட்டணம், அவசரத்தில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடுப்பதைவிடக் குறைவு.

பணம்

முன்பெல்லாம் கொள்முதலுக்குப் போகிறவர் இடுப்பு வாரில் ரொக்கமும், உள்பையில் வங்கி டிராஃப்டுமாகப் போவார். இரவு முழுவதும் தூங்காமல் வந்தவர்கள் உண்டு. இன்று அந்தத் தொல்லை தேவையில்லை. 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் முறையும், 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ். முறையும் இரவு பகல், விடுமுறை நாள் என்ற பேதமில்லாமல் இயங்குகின்றன. இரண்டு லட்ச ரூபாய்க்குக் குறையாத தொகைக்கே ஆர்.டி.ஜி.எஸ்.

ரொக்கமாகக் கொண்டுபோவதில் சட்டத் தொல்லையும் இருக்கிறது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கொள்முதலை வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்க மாட்டார்கள். விளைவித்த விவசாயியிடமே நேரடியாக வாங்கினால் விலக்கு உண்டு. மண்டிக்காரரிடம் வாங்கினால் இல்லை. விற்பவரும் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. தேர்தல் நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 50,000 ரூபாய்க்கு மேல் உரிய ஆவணம் இல்லாமல் வைத்திருந்தால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். உழைத்துச் சேர்த்த பணத்துக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க நேரும். வழிச்செலவுக்கு வேண்டியதை மட்டும் ரொக்கமாக எடுத்து, அதையும் இரண்டு இடமாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வங்கி வழியும் நினைத்தவுடன் நடந்துவிடாது. புதிதாகச் சேர்த்த கணக்குக்குப் பல வங்கிகள் முதல் நாள் பெரிய தொகை அனுப்ப விடுவதில்லை. விற்பனையாளர்களின் கணக்கு எண்களைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே சேர்த்து, ஒரு ரூபாய் அனுப்பி, பெயர் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கணக்கோடு இணைந்த கைபேசி யார் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கடையில் மகன் வைத்திருக்கும் எண்ணுக்கு ஓ.டி.பி. போனால், பேரம் முடிந்த நேரத்தில் அவர் கிடைக்காமல் போவார். பயணத்தின் நடுவே “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதில் போடுங்கள்” என்று குறுஞ்செய்தி வந்தால், பழகிய எண்ணில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு பைசா அனுப்பக் கூடாது.

கடையை விட்டுப் போவது

ஆறேழு நாள் கடையை இன்னொருவர் கையில் விட்டுப் போகிறோம். மனைவியோ மகனோ கல்லாவில் அமர்ந்தால் கவலை குறைவு. கடையில் வேலை பார்க்கும் தம்பியிடம் விட்டுப் போனால் வரையறை கட்டாயம் வேண்டும். யாருக்குக் கடன் தரலாம், எவ்வளவு வரை, எந்தப் பாக்கிக்காரருக்குத் தரக் கூடாது என்று ஒரு சிட்டையில் எழுதி வையுங்கள். அந்த வாரத்தில் பணம் கேட்டு வரும் கம்பெனி ஆட்களிடம் தொலைபேசியில் முன்பே சொல்லிவிடலாம். எதையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலைகளை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டாம். தொகையும் பெயரும் எழுதிக் கொடுங்கள். அல்லது ஊர் வந்து கொடுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை

ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், பான் அட்டை ஆகியவற்றின் நகல்கள், கடையின் பெயர் அச்சிட்ட அட்டை, ரத்து செய்த காசோலை ஒன்று. கைபேசியில் இருந்தாலும் தாளிலும் இருக்கட்டும். ரயிலில் காட்ட அசல் அடையாள அட்டை வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், நம் கடையில் இப்போது நன்றாக ஓடும் சீரகத்தில் கால் கிலோ. பலர் இதை எடுத்துப் போவதில்லை. உஞ்சாவில் இயந்திரத்தில் சுத்தம் செய்த சீரகத்தைச் ‘சிங்கப்பூர் குவாலிட்டி’, ‘ஐரோப்பா குவாலிட்டி’ என்றும், 99 சதவீதம், 98 சதவீதம் என்றும் சொல்லி விற்கிறார்கள். வார்த்தையில் கேட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும். நம் சாம்பிளை மேசையில் கொட்டி, “இதுபோல் வேண்டும், இதற்கு என்ன விலை?” என்றால் பேச்சு நேராகிவிடும். அங்கே வாங்க முடிவு செய்த சரக்கிலும் கால் கிலோ எடுத்து, உறையில் போட்டு, ரகம், விலை, தேதி எழுதி, விற்பவர் கையெழுத்தும் வாங்கிக் கொண்டுவர வேண்டும். லாரியில் வரும் மூட்டையை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் பாக்கிப் பணம். சந்தேகமிருந்தால் கொஞ்சம் சீரகத்தை உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். கை கறுத்தால் அதில் கரித்தூள் ஏற்றிய புல்விதை கலந்திருக்கிறது.

சாம்பிளைத் தவிர வேறு சரக்கை ரயிலில் ஏற்றிக்கொண்டு வர ஆசைப்பட வேண்டாம். தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஒருவருக்கு இலவசமாக 40 கிலோ வரை அனுமதி என்பது சொந்தப் பொருளுக்குத்தான்; வியாபாரச் சரக்குக்கு அல்ல. சரக்கு பில்லோடு லாரியில் வரட்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட, வரி உள்ள சரக்குக்கு இ-வே பில் வேண்டும், 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அதன் காலம் ஓடும்.

வண்டியில்

வீட்டில் கட்டித் தரும் சாப்பாட்டில் முதல் நாள் பகலுக்குத் தயிர் சாதம், இரவுக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, மறுநாளுக்குப் புளியோதரை என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய அகமதாபாத் வரை தாங்கும். அதன்பின் பருப்பிலும் வெல்லம் போடும் ஊருக்குப் போகிறோம். ஊறுகாய் பாட்டில் ஒன்று உடன் இருந்தால் பிழைத்தோம். மார்ச், ஏப்ரலில் பல்லார்ஷா, சந்திரபூர் பக்கத்து வெயில் கடுமை. வயதானவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கட்டணத்தைப் பார்க்காமல் ஏ.சி. வகுப்பில் போவதே மேல். களைத்துப்போய் இறங்குகிறவர் பேரத்திலும் களைத்துத்தான் போவார்.

பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். முக்கியமான பை தலைமாட்டில் இருக்கட்டும். அதற்கு மேல் படுக்கை வசதி. அறிமுகமில்லாதவர் கொடுக்கும் பிஸ்கட், தேநீரை மரியாதையாக மறுத்துவிடலாம். ஏதாவது நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 139. பல ரயில்களில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை மின் இணைப்பை நிறுத்தி வைப்பதால், கைபேசியை அதற்கு முன் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

பொழுது போகாமல் பக்கத்து இருக்கைக்காரரிடம் எங்கே போகிறோம், எத்தனை டன் வாங்கப்போகிறோம், என்ன விலை மனத்தில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம். அந்த வண்டியில் ஊர் திரும்பும் மண்டிக்காரர்களும் தரகர்களும் இருப்பார்கள். நாம் போய்ச் சேரும் முன்பே நம் விலை போய்ச் சேர்ந்துவிடும். பேசுவதற்கு அரசியலும் சினிமாவும் இருக்கின்றன.

முப்பது மணி நேரத்தில் படித்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் விலையை முழு எண்ணாக மட்டும் சொல்ல மாட்டார்கள். ‘சவா சார் ஹசார்’ என்றால் 4,250. ‘சாடே சார் ஹசார்’ என்றால் 4,500. ‘பௌனே சார் ஹசார்’ என்றால் 3,750. காதில் ‘சார் ஹசார்’ மட்டும் விழுந்து 4,000 என்று தலையாட்டினால் தீர்ந்தது. ‘டேட்’ ஒன்றரை, ‘டாயி’ இரண்டரை. 45ஐப் ‘பைந்தாலீஸ்’ என்றும் 54ஐச் ‘சௌவன்’ என்றும் சொல்வார்கள். குஜராத்தியிலும் கால், அரை, முக்கால் கணக்கு ஏறக்குறைய இதேபோலத்தான். எப்படியிருந்தாலும் கடைசி விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, உஞ்சாவில் சீரகம் 20 கிலோவுக்குத்தான் விலை பேசப்படும். 20 கிலோ 4,200 ரூபாய் என்றால் கிலோ 210. அதன்மேல் மண்டிக் கட்டணம், தரகு, சாக்கு, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, வரி எல்லாம் ஏறி நம் கடை வாசலில் என்ன அடக்கம் ஆகிறது என்பதுதான் கணக்கு. ஒரு தாளில் 20 கிலோவுக்கு 3,500 முதல் 5,000 வரை நூறு நூறாக எழுதி, எதிரே நம் ஊர் அடக்க விலையைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், பேரத்தின் நடுவே மனக்கணக்குப் போட வேண்டியிருக்காது.

அகமதாபாத்தில் இறங்குவது மாலை நேரம். அங்கிருந்து உஞ்சா மெஹ்சானா வழியில் சுமார் 100 கி.மீ. இரவோடு இரவாகப் போய்ச் சேர்ந்து தரகரின் விருந்தினராகத் தங்குவதைவிட, அகமதாபாத்தில் தூங்கி எழுந்து, அதிகாலை வண்டியில் போவது நல்லது. தரகரிடம் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, அதற்கு முன்பே மண்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, வந்திருக்கும் வண்டிகளை எண்ணி, முன்பின் தெரியாத இரண்டு கடைகளில் விலை கேட்டுவிட்டு, பிறகு அவர் கடைப் படியேறுங்கள்.